எலியா மறந்துபோனவை

(வானொலி மறையுரை. பொதுக்காலம் 19-ஆம் ஞாயிறு, இரண்டாம் ஆண்டு. முதல் வாசகம்: 1 அரசர்கள் 19:4-8)

 நைட் ஷிப்ட் முடித்து இப்போதுதான் அறைக்குத் திரும்பி, காலை நீட்டி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வணக்கம்.

இன்றைய முதல் வாசகத்தில் இறைவாக்கினர் எலியாவைப் பார்க்கிறோம். பாலைநிலத்தில் ஒரு நாள் முழுவதும் நடந்து, ஒரு சூரைச்செடியின் அடியில் போய் உட்காருகிறார். தமக்கு வாழ்ந்தது போதும், உயிரை எடுத்துக்கொள்ளலாம் என்று ஆண்டவரிடம் சொல்கிறார். சொல்லிவிட்டுப் படுத்துத் தூங்கிவிடுகிறார். வழக்கமாக இந்த ஞாயிறன்று வானதூதர் கொண்டுவந்த அப்பத்தைப் பற்றியும், யோவான் நற்செய்தி ஆறாம் அதிகாரம் சொல்லும் வாழ்வு தரும் உணவைப் பற்றியும் சிந்திப்போம். இன்று அந்த அப்பத்துக்குச் சற்றுப் பிறகு வருகிறேன். அதற்கு முன், அந்தச் செடியின் அடியில் உட்கார்ந்திருந்தவரின் தலைக்குள் என்ன நடந்துகொண்டிருந்தது என்று பார்ப்போம்.

வீட்டில் திருவிவிலியம் இருந்தால், இன்றைய வாசகத்துக்கு முந்தைய அதிகாரத்தையும், இன்றைய வாசகத்தோடு நிறுத்தாமல் அந்த அதிகாரத்தை இறுதிவரையும் வாசித்துப் பாருங்கள். கர்மேல் மலையில் பாகாலின் பொய்வாக்கினர் 450 பேருக்கு முன்னால் தனி ஆளாக நின்று வென்றவர் இவர். வானத்திலிருந்து நெருப்பு இறங்கியதைத் தம் கண்ணால் பார்த்தவர். அது நடந்து அதிக நாள் ஆகவில்லை. ஆனால் சூரைச்செடியின் அடியிலும் சரி, பிறகு ஓரேபு மலையிலும் சரி, கர்மேல் மலையைப் பற்றி அவர் வாயிலிருந்து ஒரு சொல்கூட வரவில்லை. ஓரேபில் ஆண்டவர் ஏன் இங்கு வந்தாய் என்று கேட்கும்போது, தாம் ஒருவர் மட்டுமே மிஞ்சியிருப்பதாகச் சொல்கிறார். அது உண்மையா? அரண்மனை அதிகாரி ஒபதியா நூறு இறைவாக்கினர்களை ஐம்பது ஐம்பது பேராகக் குகைகளில் ஒளித்துவைத்து, உணவும் தண்ணீரும் கொடுத்துக் காப்பாற்றியிருந்தார். அந்தச் செய்தியை எலியாவின் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார். எலியாவுக்குத் தெரிந்த செய்தி அது. தேவைப்பட்ட நேரத்தில் அது நினைவுக்கு வரவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். காற்றும் நிலநடுக்கமும் நெருப்பும் கடந்துபோன பிறகு, ஆண்டவர் அதே கேள்வியை இரண்டாம் முறை கேட்கிறார். எலியாவும் அதே பதிலைத் திரும்பச் சொல்கிறார். ஏறத்தாழ சொல்லுக்குச் சொல் அதே பதில். இடையில் அவ்வளவு பெரிய அனுபவம் நடந்தும் சிந்தனை ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

எலியாவுக்கு மனச்சோர்வு நோய் இருந்தது என்று மருத்துவச் சீட்டு எழுத நான் வரவில்லை. ஆனால் அந்த நோயோடு வாழ்கிறவர்கள் இந்த அதிகாரத்தை வாசித்தால் தங்கள் முகத்தைத் தாங்களே பார்ப்பார்கள். தூக்கமும் பசியும் தாறுமாறாகி, வாழவே விருப்பமற்றுப் போவதை நாம் ஓரளவு அறிவோம். நாம் அதிகம் பேசாத பகுதி ஒன்று உண்டு. மனச்சோர்வு சிந்தனைத் திறனையும் பிடிக்கிறது. மறதி வருகிறது, கவனம் நிற்பதில்லை. சின்ன விஷயத்தில்கூட முடிவெடுக்க முடிவதில்லை. நினைப்பு செக்குமாடு போல ஒரே இடத்தைச் சுற்றுகிறது. மருத்துவர்கள் இந்த நோயைக் கண்டறிய ஒன்பது அறிகுறிகள் கொண்ட ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். அவற்றில் ஐந்தாவது இரண்டு வாரம் தொடர்ந்து இருக்க வேண்டும். சிந்திக்கவும் கவனிக்கவும் முடிவெடுக்கவும் முடியாமல் போவது அந்த ஒன்பதில் ஒன்று. அதாவது இது குணக்கேடு அல்ல. நோயின் அங்கம்.

நம் ஜூஜுவாடிப் பக்கத்திலிருந்தே ஓர் ஆளை எண்ணிக்கொள்வோம். இவர் தனி ஒருவர் அல்லர். பலரைச் சேர்த்து நான் வரைகிற படம். ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்டது எதுவும் இதில் இல்லை, பயப்பட வேண்டாம். வயது நாற்பது. தெற்கே எங்கோ சொந்த ஊர். சிப்காட்டில் ஒரு கம்பெனியில் பதினைந்து வருடமாக சி.என்.சி. ஆபரேட்டர். டிராயிங்கை ஒரு முறை பார்த்தால் போதும், அளவெல்லாம் தலையில் நிற்கும். இப்போது ஆறு மாதமாக நிற்பதில்லை. வெர்னியரில் பார்த்த அளவை மெஷினில் போடப் போவதற்குள் மறந்துவிடுகிறது. திரும்ப வந்து அளக்கிறார். ஒருநாள் ஆஃப்செட்டில் புள்ளியை ஓர் இடம் தள்ளிப் போட்டுவிட்டார். டூல் ஜாபில் இடித்து உடைந்தது. சூப்பர்வைசர், "என்னண்ணே, ராத்திரி தூங்கலியா, இல்ல வேற ஏதாவதா?" என்று கேட்டார். அந்த 'வேற ஏதாவது' என்னவென்று இங்கே எல்லாருக்கும் தெரியும். அத்திப்பள்ளிக் கடைகள் நடக்கிற தூரம்தானே. உண்மையில் அவர் குடிக்கவே இல்லை.

அவர் அழவும் இல்லை. அங்கேதான் சிக்கல். மனச்சோர்வு என்றால் அழுதுகொண்டே மூலையில் உட்கார்ந்திருப்பது என்று நாம் நினைக்கிறோம். பல ஆண்களிடம் இது எரிச்சலாகவும் அசதியாகவும், எல்லாவற்றுக்கும் மேலே இந்த மந்தமாகவும் வெளிப்படுகிறது. அவரிடமே கேட்டால் "துக்கமெல்லாம் ஒண்ணும் இல்ல சாமி, மண்டை வேலை செய்யல" என்பார்.

வீட்டைக் கவனிக்கிற பெண்ணுக்கு இது வேறு வேடத்தில் வரும். சாம்பாருக்கு உப்பு போட்டோமா இல்லையா என்று தெரியாமல் இரண்டாம் முறை போடுவார். கேஸை அணைத்தோமா என்று தெருமுனை வரை போய்த் திரும்பி வருவார். கடையில் இரண்டு சோப்பைக் கையில் வைத்துக்கொண்டு எதை வாங்குவது என்று பத்து நிமிடம் நிற்பார். ஆண்களைவிடப் பெண்களை இந்த நோய் ஏறத்தாழ இரு மடங்கு தாக்குகிறது. ஆனால் "உனக்கு ஞாபகமே இல்ல, உனக்குப் பொறுப்பே இல்ல" என்ற இரண்டு வாக்கியங்களோடு பல வீடுகளில் அந்தப் பேச்சு முடிந்துவிடுகிறது.

விசுவாசிகளுக்கு இதில் இன்னொரு வேதனையும் சேர்கிறது. செபமாலையை எடுத்தால் எத்தனையாவது மணியில் இருக்கிறோம் என்பதே தெரிவதில்லை. நற்செய்தி வாசித்து முடிப்பதற்குள் தொடக்கம் மறந்துவிடுகிறது. மறையுரை காதில் விழுகிறது, உள்ளே இறங்குவதில்லை. (சில மறையுரைகள் நலமாக இருப்பவர்களுக்கும் இறங்குவதில்லை, அதற்கு நோய் காரணமல்ல.) உடனே, "என் விசுவாசம் செத்துவிட்டது, கடவுள் என்னைக் கைவிட்டுவிட்டார்" என்று முடிவுகட்டுகிறார்கள். அன்பானவர்களே, வாய்பாடு சொல்ல முடியாத தலைக்குச் செபமாலையும் எண்ண வராது. இரண்டுக்கும் வேண்டியது ஒரே கவனம்தான். அது நோயில் கிடக்கிறது. செபிக்க முடியாத ஒருவருக்காகப் பக்கத்தில் இருப்பவர் ஒரு பத்து மணி சொல்லட்டும். அது அவர் சொன்னதாகவே இருக்கட்டும்.

தலைக்குள் என்னதான் நடக்கிறது? நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப் பகுதிதான் கவனத்தைத் திருப்பவும், திட்டமிடவும், ஒன்றை நினைவில் பிடித்துக்கொண்டே இன்னொன்றைச் செய்யவும் உதவுகிறது. மனச்சோர்வில் அந்தப் பகுதி சரியாக வேலை செய்வதில்லை. நினைவைப் பதிவு செய்யும் பகுதியும் பாதிக்கப்படுகிறது. தூக்கம் கெடுவது இதை மேலும் கூட்டுகிறது. அதோடு ஒரே கவலை திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தால், புதிதாக வரும் செய்திக்கு உட்கார இடமில்லை. ஒரு செய்தி உள்ளே போகவே இல்லை என்றால் பிறகு எங்கிருந்து அது நினைவுக்கு வரும்?

1986-இல் மார்க் வில்லியம்ஸ், பிராட்பென்ட் என்ற இரு இங்கிலாந்து ஆய்வாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர்களிடம் ஒரு சொல்லைக் கொடுத்து, அதையொட்டித் தங்கள் வாழ்வில் நடந்த ஒரு குறிப்பிட்ட நிகழ்ச்சியைச் சொல்லும்படி கேட்டார்கள். மகிழ்ச்சியான ஒரு நாளைச் சொல்லுங்கள் என்றால், மற்றவர்கள் இன்ன நாள், இன்ன இடம் என்று சொல்வார்கள். இவர்களோ பொதுப்படையாகவே பதில் சொன்னார்கள். அதுவும் நல்ல நினைவுகளைக் கேட்கும்போது இன்னும் தடுமாறினார்கள். குறிப்பிட்ட நாள் கைக்கு அகப்படவில்லை. பின்னர் வந்த பல ஆய்வுகளும் மனச்சோர்வு உள்ளவர்களிடம் இதையே கண்டன. எலியாவுக்குக் கர்மேல் கைக்கு அகப்படாததைப் போல. எனவே இப்படிப்பட்ட ஒருவரிடம் போய், "கடவுள் உனக்குச் செய்த நன்மைகளை எண்ணிப் பார்" என்று சொல்வதில் பயன் அதிகமில்லை. எண்ணிப் பார்க்கும் கருவிதான் பழுதாகியிருக்கிறது. வேண்டுமானால் நீங்களே ஒன்றை எடுத்துச் சொல்லுங்கள்: "அன்னைக்கு வேளாங்கண்ணி போறப்ப பஸ்ல நம்ம சின்னவன் என்ன பண்ணான் தெரியுமா?" என்று.

முதியவர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அறுபது, எழுபது வயதில் அப்பாவோ அம்மாவோ மறக்கத் தொடங்கினால், வயதாகிவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று விட்டுவிடுகிறோம். பிள்ளைகள் பிழைப்புக்காக ஓசூருக்கு அழைத்து வந்து, மொழி தெரியாத தெருவில், இரண்டு அறை வீட்டில், பகல் முழுவதும் தனியாக உட்கார்ந்திருக்கும் பெற்றோர் எத்தனை பேர்! அவர்களுடைய மறதி மூளைத் தேய்வு நோயாகவும் இருக்கலாம், மனச்சோர்வாகவும் இருக்கலாம். 1961-இலேயே கைலோ என்ற மருத்துவர், மூளைத் தேய்வு போலத் தோற்றம் காட்டும் மனநோய்களைப் பற்றி எழுதினார். வித்தியாசம் காண ஒரு சிறு அடையாளம் உண்டு. முடிவான சோதனை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மனச்சோர்வில் இருப்பவர் கேள்வி கேட்டால் "தெரியலப்பா" என்று விட்டுவிடுவார். தமக்கு ஞாபகம் போய்விட்டது என்று தாமே புலம்புவார். மூளைத் தேய்வு உள்ளவர் பெரும்பாலும் தமக்கு மறதி இருப்பதையே ஒப்புக்கொள்ளாமல் ஏதாவது ஒரு பதிலைச் சொல்லிச் சமாளிப்பார். மனச்சோர்வாக இருந்தால் சிகிச்சையில் தெளிவு திரும்பும். சிலரிடம் இரண்டும் சேர்ந்தே இருக்கும் என்பதால், தெளிவு வந்த பிறகும் மருத்துவரை இடையிடையே பார்க்க வேண்டும்.

மருத்துவர் என்றதும் நம் ஊர்க்காரர்களுக்கு நிம்ஹான்ஸ் நினைவுக்கு வரும். அதன் பெயரைச் சண்டையில் ஒருவரை ஒருவர் திட்டவும் நாம் பயன்படுத்துகிறோம். அந்த மருத்துவமனை இருக்கும் சாலையின் பெயர் என்ன தெரியுமா? ஓசூர் சாலை. நம் ஊர்ப் பெயரைத் தாங்கிய சாலையில், ஜூஜுவாடியிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டரில், நாட்டின் தலைசிறந்த மனநல மருத்துவமனை இருக்கிறது. 1954-இல் தொடங்கிய அகில இந்திய மனநலக் கழகமும் பழைய மைசூர் அரசின் மனநல மருத்துவமனையும் 1974-இல் ஒன்றிணைந்து உருவானது அது. அந்நிறுவனம் 2015-16-இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, வாழ்நாளில் ஒரு முறையாவது மனச்சோர்வு நோய்க்கு ஆளானவர்கள் ஏறத்தாழ இருபது பேருக்கு ஒருவர். மனச்சோர்வு, பதற்றம் போன்ற பரவலான மனநோய்கள் உள்ளவர்களில் சுமார் 85 சதவீதம் பேர் சிகிச்சை பெறவில்லை. நம் கோயிலில் ஒரு பெஞ்சில் எத்தனை பேர் உட்காருகிறோம் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

நிம்ஹான்ஸ் வரை போகத்தான் வேண்டும் என்பதில்லை. மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் மனநல மருத்துவர்கள் பார்க்கிறார்கள். எந்த நாளில் பார்க்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டு போங்கள். ஈ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்கள் ஈ.எஸ்.ஐ. மருந்தகத்தில் தொடங்கலாம். மருத்துவர் ஓய்வு தேவை என்று சான்று கொடுத்தால், சந்தா நாள் கணக்கு நிறைவாக இருக்கும் தொழிலாளிக்கு ஆண்டில் 91 நாள் வரை, சம்பளத்தில் 70 சதவீதம் நோய்க்கால உதவியாகக் கிடைக்கும். காய்ச்சலுக்குத்தான் அது என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். மனநோயும் நோய்தான்.

மருத்துவர் முதலில் இரத்தப் பரிசோதனை எழுதினால் அலுத்துக்கொள்ளாதீர்கள். தைராய்டு குறைவு, இரத்தசோகை, பி12 சத்துக் குறைவு ஆகியவையும் இதே மந்தத்தைத் தரும். வேறு எதற்காவது தினமும் மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் அதையும் காட்டுங்கள். அல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரைகளும், அமிட்ரிப்டிலின் போன்ற பழைய மருந்துகளும் சிலருக்கு மறதியைக் கூட்டுவதுண்டு. அதற்காக நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். மருத்துவர் மாற்றித் தருவார். மெஷினில் வேலை செய்கிறவர்கள், ஷிப்ட் மாறுகிறவர்கள் அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பவர் பிரஸ்ஸில் நிற்கிறவருக்குக் கண் சொக்க வைக்கும் மாத்திரை கொடுத்தால் விரல் போய்விடும்.

மனச்சோர்வுக்கான மாத்திரை தலைவலி மாத்திரை போல அரை மணி நேரத்தில் வேலை செய்யாது. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரமாவது ஆகும். நலமான பிறகும் ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள். இவை போதைப் பழக்கம் உண்டாக்கும் மாத்திரைகள் அல்ல. ஆனால் திடீரென நிறுத்தினால் உடல் தடுமாறும். இங்கே ஒன்றைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். தியானத்துக்குப் போய் வந்து, விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு என்று குப்பையில் போட்டவர்களை நமக்குத் தெரியும். தியானத்துக்குத் தாராளமாகப் போங்கள். மாத்திரையையும் பையில் எடுத்துக்கொண்டு போங்கள். சீராக்கின் ஞானநூல் 38-ஆம் அதிகாரம் மருத்துவரை மதிக்கச் சொல்கிறது. மருந்தை மண்ணிலிருந்து தந்தவர் ஆண்டவரே என்கிறது. செபத்தையும் மருத்துவரையும் அந்த நூல் ஒரே அதிகாரத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறது. பிரித்துப் பார்ப்பவர்கள் நாம்தான்.

கரண்ட் ஷாக் கொடுப்பார்களோ என்ற பயத்தில் போகாதவர்கள் உண்டு. எல்லாருக்கும் கொடுப்பதில்லை. கடுமையான நிலையில், உண்ணவும் பேசவும் மறந்து கிடப்பவர்களுக்கு அது உயிர் காக்கும் சிகிச்சை. 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி, மயக்க மருந்தும் தசைத் தளர்வு மருந்தும் இல்லாமல் அதைக் கொடுக்கவே கூடாது. சிகிச்சை நடக்கும் வாரங்களில் சில நினைவுகள் மங்கும். பெரும்பாலோருக்கு அது படிப்படியாகச் சரியாகிவிடும். சினிமாவில் காட்டுவதை நம்ப வேண்டாம்.

இனி அப்பத்துக்கு வருவோம். மனமுடைந்த எலியாவிடம் ஆண்டவர் முதலில் பிரசங்கம் செய்யவில்லை. சாவைக் கேட்டதற்காகக் கடிந்துகொள்ளவும் இல்லை. தணலில் சுட்ட அப்பமும் ஒரு குவளைத் தண்ணீரும் தருகிறார். எலியா உண்டு, மறுபடி தூங்குகிறார். தூங்க விடுகிறார். இரண்டாம் முறை எழுப்பி, மறுபடி உண்ணச் சொல்கிறார். பிறகு நாற்பது நாள் நடை. அதற்கும் பிறகுதான் பேச்சு. பேச்சின் முடிவில், எலியா தம் புலம்பலைத் திரும்பச் சொன்னபோது, ஆண்டவர் அதோடு வாதாடாமல் வேலை கொடுக்கிறார்: இன்ன பாதையில் போ, இன்னாரைத் திருப்பொழிவு செய். 7000 பேர் மீதி இருக்கிறார்கள் என்ற கணக்கைக்கூட வேலையைக் கொடுத்த பிறகுதான் சொல்கிறார்.

இந்த வரிசை மருத்துவ உலகில் சோதித்துப் பார்க்கப்பட்ட ஒன்றோடு ஒத்துப்போவது எனக்கு வியப்பாக இருக்கிறது. கோவாவில் பத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில், கடுமையான மனச்சோர்வு கொண்ட 495 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. விக்ரம் படேலும் சங்காத் அமைப்பைச் சேர்ந்தவர்களும் நடத்திய அந்த ஆய்வு 2017-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. சிகிச்சை அளித்தவர்கள் மனநல மருத்துவர்கள் அல்லர். பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்கள். ஆறு முதல் எட்டு சந்திப்புகள். அவற்றின் மையம் மிக எளியது. மனம் சரியானதும் செய்யலாம் என்று காத்திருக்காமல், சிறு சிறு செயல்களைத் திட்டமிட்டுத் தொடங்குவது: காலையில் எழுந்து குளிப்பது, நடப்பது, விட்டுப்போன ஒருவரைப் போய்ப் பார்ப்பது. மூன்று மாதத்தில் வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39 சதவீதம் பேரும், இந்தச் சந்திப்புகளையும் பெற்றவர்களில் 64 சதவீதம் பேரும் நோய் தணிந்தார்கள். நம் அன்பியங்களில் இருப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

இப்போது, கம்பெனிகளில் மேற்பார்வையில் இருக்கிறவர்களும் வீட்டில் இருக்கிறவர்களும் கவனமாகக் கேட்க வேண்டிய இடத்துக்கு வருகிறேன். சிகிச்சையில் துக்கம் முதலில் போகும். முகம் தெளியும், சாப்பிடுவார், சிரிப்பார். ஆனால் தலை முழுவதுமாகத் திரும்பியிருக்காது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் வெளியான ஓர் ஆய்வு, மனச்சோர்வு தணிந்தவர்களிடமும் கவனக் குறைவும் திட்டமிடும் திறனில் குறைவும் மீந்திருப்பதைக் காட்டியது. இந்த நேரத்தில்தான் நாம், "அதான் நல்லாயிட்டாரே, இன்னும் என்ன சாக்கு?" என்கிறோம். அவர் வேலைக்குத் திரும்பி, தவறு செய்து, திட்டு வாங்கி, வேலையை இழந்து, மறுபடி விழுவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் என்பது என் கணிப்பு. காண்ட்ராக்ட் தொழிலாளிக்கோ இந்த இடைவெளியே கிடையாது; நாளைக்கு வராதே என்று ஒரு போன் போதும். விடுதியில் தங்கி அசெம்பிளி லைனில் வேலை செய்யும் பெண் பிள்ளைகளுக்கு, தாங்கள் மாறிப்போனதைக் கவனித்துச் சொல்லக்கூட வீட்டு ஆள் பக்கத்தில் இல்லை.

மீந்திருக்கும் இந்த மந்தத்துக்கு மருந்து உண்டா என்று கேட்பீர்கள். வோர்டியோக்செடின் என்ற மருந்து சோதனைகளில் சிந்தனை வேகத்துக்குச் சற்றே கை கொடுத்திருக்கிறது. அதிசயம் எதுவும் இல்லை. பெரிய மருத்துவமனைகளில் கவனத்துக்கும் நினைவுக்கும் தனிப் பயிற்சிகள் உண்டு. நடைப்பயிற்சியும் ஒழுங்கான தூக்கமும் பலருக்கு உதவுகின்றன. மற்றபடி, கால் உடைந்து தேறுகிறவருக்கு ஊன்றுகோல் தருவது போலத் தலைக்கும் ஊன்றுகோல் தர வேண்டும். சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு. அளவைத் தலையில் வைக்காமல் உடனே எழுதிவிடுவது. ஒரு நேரத்தில் ஒரு வேலை. வாய்ச்சொல்லாக நான்கு கட்டளை தருவதற்குப் பதில் ஒரு தாளில் வரிசையாக எழுதிக் கொடுப்பது. சில மாதத்துக்கு ஷிப்ட் மாற்றாமல் ஒரே ஷிப்ட்டில் விடுவது. மேற்பார்வையாளர் மனது வைத்தால் இதற்குச் செலவே கிடையாது.

நோயின் நடுவில் இருப்பவர் பெரிய முடிவு எதையும் எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வேலையை ராஜினாமா செய்வது, ஊர் நிலத்தை விற்பது, வந்த வரனைத் தட்டுவது, துறவற வாழ்விலிருந்து வெளியேறுவது, எதுவானாலும் சற்றுத் தள்ளிப் போடலாம். புனித லொயோலா இஞ்ஞாசியார் தம் ஆன்மீகப் பயிற்சிகளில், மனம் வறண்டிருக்கும் காலத்தில் முன்பு எடுத்த முடிவை மாற்றாதே என்று விதி வகுத்தார். அவர் பேசியது ஆன்ம வறட்சியைப் பற்றி. நோயைப் பற்றி அல்ல. இருந்தாலும் இந்த இடத்துக்கும் அந்த விதி சரியாகவே பொருந்துகிறது. சிகிச்சைக்குப் போவது என்ற முடிவை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். அந்த முடிவையும் அவரால் எடுக்க முடியாமல் போகலாம். "நீ எப்ப டாக்டரைப் பார்க்கப் போற?" என்று கேட்டுக்கொண்டே இருப்பதைவிட, "செவ்வாய்க்கிழமை காலையில வண்டி எடுத்துட்டு வரேன், ரெடியா இரு" என்று சொல்வது உதவி.

சாக வேண்டும் என்று அவர் பேசினால், அல்லது பேசாமல் இருந்தும் உங்களுக்குச் சந்தேகம் வந்தால், நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. கேட்ட பிறகு அவரைத் தனியாக விடாதீர்கள்.

எலியா பாலைநிலத்துக்குள் போகுமுன் தம் பணியாளரைப் பெயேர்செபாவில் விட்டுவிட்டுத் தனியாகப் போனார். அந்த வரியை நாம் வேகமாகக் கடந்துவிடுகிறோம். ஆண்டவர் கொடுத்த மூன்று வேலைகளில் இரண்டு, அசாவேலையும் ஏகூவையும் அரசர்களாக்குவது. மூன்றாவது, எலிசா. ஓரேபிலிருந்து இறங்கிய எலியா முதலில் போய்ப் பார்த்தது எலிசாவைத்தான். பன்னிரண்டு ஏர் மாடுகள் உழுத வயலில் பன்னிரண்டாம் ஏரை ஓட்டிக்கொண்டிருந்தார் அந்த இளைஞர். ஏரை விட்டுவிட்டு வந்து எலியாவுக்குப் பணிவிடை செய்தார். அதன்பிறகு, எலியா இங்கேயே இரு என்று சொல்லியும் அவர் தனியாக விடவில்லை.

நேயர்களே, யாரிடம் பேசுவது என்று தெரியாதவர்களுக்காக அரசின் இலவசத் தொலைபேசி உதவி 2022 அக்டோபர் 10 முதல் இயங்குகிறது. டெலி மானஸ் என்று பெயர். இருபத்து நான்கு மணி நேரமும் பேசலாம். தமிழில் பேசலாம், நம் பகுதியில் இருக்கும் கன்னட, தெலுங்கு, இந்தி பேசும் சகோதரர்களும் தங்கள் மொழியிலேயே பேசலாம். எண் 14416. பேனா எடுக்கப் போனவர்களுக்காக இன்னொரு முறை மெதுவாகச் சொல்கிறேன்: ஒன்று, நான்கு, நான்கு, ஒன்று, ஆறு.